கொட்டாவி என்ற பெயரில் ஒருவர் ஏலம் கேட்கிறார்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து ஒரு வெள்ளித் தட்டோடு மல்லுக்கட்டல். எந்தப் பக்கம் திருப்பினாலும் நடுவில் என் மூக்கு தெரிகிறது. பளபளக்கிற பொருளெல்லாம் இப்படித்தான், படம் எடுக்கிறவரையும் சேர்த்துக் காட்டிவிடும். கடைசியில் சாம்பல் நிறப் போர்வையை என் தலைமேல் போட்டுக்கொண்டு, கேமரா மட்டும் வெளியே நீட்டியபடி எடுத்தேன். கதவைத் திறந்த மேனேஜரம்மா "ஐயோ!" என்று அலறிவிட்டார். அந்தக் கட்டிடத்தில் தலையோடு மூடிய உருவம் எழுந்து நின்றால் யார்தான் அலற மாட்டார்கள்? இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

கடைசி நாட்களில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் அது. இரவுக்கு இன்னொரு நர்ஸ் வைக்கப் பணம் வேண்டும் என்று, ஜனங்கள் கொடுக்கிற பழைய சாமான்களை இணையத்தில் ஏலம் விடுகிறார்கள். படம் எடுப்பதும், நாலு வரி எழுதி ஏற்றுவதும் என் வேலை. சம்பளம் கிடையாது. என் வீட்டுக்காரர் கண்மூடியது அங்கேதான், மாடியில், ஜன்னலோரக் கட்டிலில். ஒரே நர்ஸ் இரவெல்லாம் கட்டிலுக்குக் கட்டில் ஓடியதைப் பார்த்தவள் நான்.

வீட்டுக்கு வந்து அவருடைய அலமாரியைத் திறந்தேன். இன்னும் அவர் வாசனை. போதும் இந்தக் குடித்தனம். எல்லாவற்றையும் ஏலத்துக்குக் கொடுத்துவிடப் போகிறேன்.

மார்ச் 5

சவர செட், பைனாகுலர், சதுரங்கப் பலகை, அலாரம் கடிகாரம். முதல் தவணை போய்விட்டது.

மகளிடம் போனில் சொன்னேன். "சித்தப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டியாம்மா?" என்றாள். எதுக்குக் கேக்கணும்? அண்ணன் அத்தனை வாரம் படுத்துக் கிடந்தபோது ஒரு நாள் மாடியேறி எட்டிப் பார்க்காத மனுஷன். இவரோ தம்பி, தம்பி என்று உருகினார். சாயங்காலமானால் போதும், "தம்பி வந்துட்டான், வண்டிச் சத்தம் கேக்குது" என்பார். நான் அறை வாசலைப் பார்ப்பேன். ஒருவரும் வர மாட்டார்கள். மருந்து அப்படிப் பேச வைக்கும் என்றார் டாக்டர்.

காரியம் முடிந்த பிறகு நான் கொழுந்தனோடு பேசவில்லை. பேசவும் மாட்டேன்.

மார்ச் 11

இதை எழுதினால் பைத்தியம் என்பார்கள். இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

அலாரம் கடிகாரத்தின் ஏலம் இன்று மதியம் முடிந்தது. இந்தத் தளத்தில் யாரும் சொந்தப் பெயரில் வருவதில்லை. 'மஞ்சள் குருவி', 'பழசு பிரியன்' என்று ஆளுக்கொரு வேஷம். கடிகாரத்தை எடுத்தவரின் பெயர் — கொட்டாவி.

அது அவர் பெயர். நான் வைத்த பெயர்! பயம் வந்தால் அவருக்குக் கொட்டாவி வரும். கல்யாணத்தன்று மேடையில் வரிசையாகக் கொட்டாவி விட்டதைப் பார்த்து, பெண் பிடிக்கவில்லை போல என்று என் அத்தை முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் கொட்டாவி. ஊசியோடு நர்ஸ் வந்தால் கொட்டாவி. தனியாக இருக்கும்போது மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவேன். மகளுக்குக்கூடத் தெரியாது.

தற்செயலாக இருக்கலாம். ஊரில் கொட்டாவி விடுகிறவர்களுக்கா பஞ்சம்?

மார்ச் 12

சதுரங்கப் பலகையும் கொட்டாவிக்குத்தான். பைனாகுலரும், சவர செட்டும்.

மார்ச் 15, சனி

ஏலத்தில் எடுத்தவர்கள் சனிக்கிழமைகளில் இல்லத்துக்கு வந்து வாங்கிக்கொண்டு போகலாம். கூரியரிலும் அனுப்புவோம். கொட்டாவி 'நேரில் வருகிறேன்' என்று போட்டிருந்தார். காலையிலிருந்து கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.

"பணம் கட்டினவர் பேரு உங்க கணக்குல இருக்குமே, சொல்லுங்களேன்" என்று மேனேஜரம்மாவைக் கெஞ்சினேன். "சொல்லக் கூடாதுங்க. நாளைக்கு உங்க பேரையும் இன்னொருத்தர் கேப்பாங்க" என்றார். நியாயம்தான். நியாயத்தை வைத்துக்கொண்டு நான் எப்படித் தூங்குவது?

மார்ச் 22, சனி

இன்றும் வரவில்லை. அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூடு, செருப்பு பாலிஷ் பெட்டி, டார்ச் எல்லாம் வரிசையாகக் கொட்டாவிக்கே போய்விட்டன. எல்லாம் இரும்பு ஷெல்ஃபின் நடுத்தட்டில், ஆள் வரட்டும் என்று காத்திருக்கின்றன. கடிகாரத்துக்குப் பக்கத்தில் சவர செட், அதன் பின்னால் பைனாகுலர். அலமாரியில் எப்படி இருந்ததோ அப்படியே. நான்தான் ஒவ்வொன்றாக வைத்தேன். கை பழக்கதோஷம். தள்ளி நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது.

வீட்டை விட்டு அனுப்பிய மனுஷன், தான் செத்துப்போன கட்டிடத்துக்கே திரும்பி வந்து குடியேறிவிட்டது போல இருக்கிறது. அலாரம் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் சாவி கொடுக்கவில்லை. மேனேஜரம்மா கொடுத்தாராம், "ஓடுனா நல்ல விலை போகும்ல?"

ஒரு மாதத்துக்குள் எடுக்காவிட்டால் மறுபடி ஏலம். "மறுபடியும் அவரே எடுத்தார்னா நமக்கு ரெட்டை லாபம்" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 25

எவர்சில்வர் கெட்டிலை வீட்டுச் சமையலறையிலேயே படம் எடுத்து ஏற்றிவிட்டேன். இன்றைக்குப் போர்வையும் இல்லை, பொறுமையும் இல்லை. காலையில் எனக்கும் சேர்த்துத் தண்ணீர் வைப்பார் அதில்.

மார்ச் 26

கெட்டிலின் ஏலப் பக்கத்தில் ஒரு கேள்வி வந்திருக்கிறது. கேட்டவர் கொட்டாவி.

'உங்களுக்குப் பின்னால் நிற்பதும் ஏலத்துக்கு வருமா?'

படத்தைப் பெரிதாக்கினேன். கெட்டிலின் வயிற்றில் நான், சப்பையாக, கேமராவோடு. எனக்குப் பின்னால் ஒரு ஆள். தோள் இறங்கி, கைகளைத் தொங்கவிட்டபடி.

கத்திவிட்டேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏங்க, நீங்களா? சத்தமாகவே கேட்டேன். வெட்கமாக இல்லை. நீங்களாகவே இருந்துட்டுப் போங்களேன்.

திரும்பினேன். கதவில் மாட்டியிருந்த அவருடைய மழைக்கோட்டு.

கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட அன்று மாட்டியது. தினமும் அதை உரசிக்கொண்டுதான் போகிறேன், வருகிறேன். என் கண்ணில் படவே இல்லை! அலமாரியைக் காலி செய்தேன், கட்டிலடியைக் காலி செய்தேன், இதை விட்டுவிட்டேன். பையில் ஒரு துணி கிளிப். சைக்கிளில் போகும்போது கால்சட்டையை இறுக்கிக்கொள்வார். அதைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன். நன்றாக அழுதேன்.

மார்ச் 27

பதில் போட்டேன்: 'வரும். சனிக்கிழமை நேரில் வந்தால் மட்டும்.'

ஏலம் விடாமல் கொடுப்பது விதிப்படி தப்பு. இருக்கட்டும்.

மார்ச் 29, சனி

கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு ஷெல்ஃபுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மதியம் வாட்ச்மேன் வந்தார். "அம்மா, கோட்டுனு சொல்லிட்டு ஒருத்தர் கேட்ல நிக்கிறாரு. உள்ள வர மாட்டேங்கிறாரு."

"யாரு?"

"அதான்மா, போன வருஷம் தினம் வருவாரே. சாயங்காலமானா கேட்டுக்கு வெளிய நிப்பாரு. வண்டிய அணைக்கவே மாட்டாரு. கொஞ்ச நேரம் மாடியப் பாத்துட்டுப் போயிடுவாரு. யாரைப் பாக்கணும்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டாரு."

படி இறங்கினேனா, பறந்தேனா, தெரியாது. கேட்டுக்கு வெளியே கொழுந்தன். ஹெல்மெட்டைக் கழற்றாமல், உறுமிக்கொண்டிருந்த பைக்மேல். என்னைப் பார்த்ததும் தலை குனிந்துவிட்டது.

"அண்ணி... தினமும் வந்தேன் அண்ணி. இந்த கேட்டைத் தாண்டி கால் போகல. அண்ணனை அப்படிப் பாக்க முடியாதுனு..."

திட்டுவதற்காக எத்தனையோ சேர்த்து வைத்திருந்தேன். மேலே பார்த்தேன். அந்த ஜன்னல் நேராக கேட்டைத்தான் பார்த்திருக்கிறது. வண்டிச் சத்தம் கேக்குது, தம்பி வந்துட்டான். அந்த மனுஷன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். மருந்து என்று நம்பியவள் நான்.

"அவருக்குத் தெரியும், தம்பி. நீங்க வந்தது தெரியும். தினமும் என்கிட்ட சொன்னாரு."

குலுங்கிக் குலுங்கி அழுதார். சாலையில் போகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"அந்தப் பேரு?" என்று கேட்டேன்.

"கொட்டாவியா? சின்ன வயசுல நான் வச்சது அண்ணி. பரீட்சைன்னா விடிய விடியக் கொட்டாவி விடுவாரு. ஏன்?"

முப்பது வருஷம் நான் கண்டுபிடித்த பெயர் என்று பெருமைப்பட விட்டு, ஒரு வார்த்தை சொல்லவில்லை அந்தக் கள்ளன்.

சாமான்கள் ஏலத்துக்கு வந்ததை மகள்தான் சொன்னாளாம். கோட்டைக் கொடுத்தேன். அதுவும் கொழுந்தனுடையதாம். ஏதோ ஒரு மழைக்கு அண்ணன் இரவல் வாங்கிப் போய்த் திருப்பித் தரவே இல்லையாம். கிளிப்பை மட்டும் நான் வைத்துக்கொண்டேன்.

மற்ற சாமான்களை வாட்ச்மேனும் நானும் சுமந்து வந்து கேட்டில் கொடுத்தோம்.

ஏப்ரல் 1

கெட்டிலும் கொட்டாவிக்கு.

ஏப்ரல் 12, சனி

கெட்டில் திரும்பி வந்துவிட்டது. "வீட்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு அண்ணி. மறுபடி ஏலத்துக்குப் போடுங்க. நர்ஸுக்கு ஆகும்" என்றார். மேனேஜரம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

இந்த முறை கேட்டில் நிற்கவில்லை. பைக்கை அணைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு என் அறைவரை நடந்து வந்தார். நான் போர்வையின் ஒரு முனையைக் கையில் கொடுத்து, பின்னால் விரித்துப் பிடிக்கச் சொன்னேன்.

இப்போது அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன். கெட்டிலின் வயிற்றில் இரண்டு பேர். பின்னால் நிற்கிறவர், கையில் போர்வையோடு, வாய் கிழியக் கொட்டாவி விடுகிறார்.

வேறு படம் எடுக்கவில்லை. அதையே ஏற்றிவிட்டேன்.