நீ திரும்ப வாங்கிய கட்டுரை

நேற்று டில்லி விமானத்தில் சன்னலோர இருக்கை கிடைத்தது. உச்சி வெயிலில் இறக்கையின்மேல் மெல்லிய நிழற்கோடு ஒன்று நடுங்கிக்கொண்டிருந்தது. அதிர்ச்சி அலை. வெகுவேகமாகப் பாயும் காற்று சட்டென்று வேகம் குறைந்து, அழுத்தம் எகிறும் இடம். கணினியில் நாம் வருடக்கணக்காகத் துரத்திய கோடு. நீ பக்கத்தில் இருந்திருந்தால், "நெசமா அதுதானாட்டி?" என்று கேட்டு என் உயிரை வாங்கியிருப்பாய்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ராஜபாளையத்திலிருந்து நானும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நீயும் பஸ் பிடித்து வந்து ஒரே கல்லூரியில் பாடம் நடத்தினோம். இறக்கையில் நுண்துளைகள் போட்டு அடியில் சிறு குழிவு விட்டால் அந்த அலை வலுவிழக்கும், காற்றின் தடை குறையும் என்பது நம் ஆராய்ச்சி. நம் புரோகிராமும் அப்படியே சொன்னது. பெங்களூர் மாநாட்டில் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். மேற்படிப்புக்கு எனக்கு விடுப்பு கிடைப்பது அதை நம்பித்தான் இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சொன்னாய்: "ஏட்டி, கட்டுரையத் திரும்ப வாங்கிட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா விட்ருவியாக்கும்? புரோகிராம் நிக்காம ஓடணும்னு காத்துல இல்லாத பிசுபிசுப்பை நாமளா சேத்து வச்சோம்ல. அலையை மழுக்குனது துளையா, அந்தப் பிசுபிசுப்பான்னு தெரியாம எப்படிட்டி போயி நிக்க?"

நான் போட்ட கூச்சலில் கண்டக்டர்கூட எட்டிப் பார்த்தார். அந்தக் கோடை முழுக்க உன்னோடு பேசவில்லை. நீயோ கணக்குக்காக இறக்கையைச் சுற்றியுள்ள காற்றைக் கூறுபோட்ட கட்டங்களை இன்னும் பொடியாக்கி, கணக்கை மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தாய். கரண்டு போனால் முதலிலிருந்து.

ஒருநாள் காலையில் வத்திராயிருப்பு மாம்பழப் பையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாய். "பாதிக்கு மேல துளையோட வேலை இல்லட்டி. நாம சேத்த பொய்தான்!" என்னவோ பரிசு வாங்கியவள்போல முகம். எனக்கென்று கொண்டுவந்த பழத்தில் முக்கால்வாசியை நீயே தின்றாய். அடிக்கலாம்போல இருந்தது.

மறுவருடம் பாதிக்கும் கீழாகச் சுருங்கிய பலனை உள்ளபடி எழுதினோம். "மூச்சு வாங்குது, நீ போயிட்டு வா" என்றாய். பெங்களூரில் முன்வரிசையிலிருந்து வந்த முதல் கேள்வியே அந்தப் பிசுபிசுப்பைப் பற்றித்தான். உன் கணக்கை எடுத்து வைத்தேன். கேட்டவர் தலையசைத்து உட்கார்ந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஊர் திரும்பி ஓடிவந்து சொன்னால், "அம்புட்டுத்தானா? வேற யாரும் நோண்டலையா?" என்கிறாய்.

எனக்கு விடுப்பு கிடைத்தது. அதைக் கொண்டாடத்தான் அய்யனார் கோவில் அருவிக்குப் போனோம். பாதி வழியில் பாறையில் உட்கார்ந்துவிட்டாய். டாக்டரிடம் காட்டு என்றேன். "வெயிலுட்டி, வேற ஒண்ணுமில்ல" என்றாய். எண்ணுக்கு எண் சந்தேகப்பட்டவள், அந்த வெயிலை மட்டும் எப்படி நம்பினாய்? இதயம் என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொன்னபோது காலம் கடந்துவிட்டது. அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

இப்போது என் மாணவிகள் வண்ணவண்ணமாகக் கணினிப் படங்களைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். "கட்டத்தைப் பொடியாக்கி இன்னொரு தடவை ஓட்டு" என்கிறேன். வெளியே போய் என்னை வாய்க்கு வந்தபடி திட்டுகிறார்கள். காதில் விழாததுபோல் இருந்துவிடுகிறேன். நான் உன்னைத் திட்டியதில் அது கால்வாசிகூட வராது.