சூரமங்கலத்து அண்ணன்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே அனல். மோட்டார் போட்டும் தொட்டி நிறையவில்லை. அம்மா விடிந்ததுமே தறியை ஓட்டிவிட்டாள். இரண்டு தறிக்கு இவ்வளவு சத்தம்.

மாதக் கடைசியில் மறுதேர்வு, சென்னையில். ஜெர்மன் படிப்பது, கேட்பது, எழுதுவது மூன்றிலும் தேறிவிட்டேன். பேச்சில் மட்டும் தோல்வி. வெண்ணந்தூரில் வாயாடி என்று பேர் வாங்கிய எனக்குப் பேச்சில் தோல்வி! சிரிப்பதா, அழுவதா.

கண்ணாடி போட்ட தேர்வாளர் அம்மா கேட்டது சின்னக் கேள்வி. "நீங்கள் நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி வந்துவிட்டால் அம்மாவோடு யார் இருப்பார்கள்?" எல்லா வார்த்தையும் தெரியும். பதில்தான் இல்லை. அப்பா போர்வெல் வண்டியோடு வடக்கே. ஆயுத பூஜைக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் வருவார். நான் ஒரே பிள்ளை. அந்தம்மா முகத்தையே பார்த்துக்கொண்டு அழுதுவிட்டேன். அழுகைக்கு மதிப்பெண் கிடையாது.

இன்று ஆன்லைன் வகுப்பில் மேடம் தலையில் அடித்துக்கொண்டார். "நிஜத்துக்கா மார்க் போடறாங்க? பேசினாத்தான் மார்க். ஒரு அண்ணனை உண்டாக்கிக்கோ. அவன் அம்மாவப் பாத்துக்குவான்னு சொல்லிட்டு அடுத்த கேள்விக்குப் போ."

அண்ணன் தயார். பேர் சரவணன் (வாயில் முதலில் வந்தது). சூரமங்கலத்தில் குடியிருக்கிறார். ரயில்வேயில் வேலை. நன்றாகச் சமைப்பார்.

சிரித்துக்கொண்டே மனப்பாடம் செய்தேன்.

ஜூன் 11, புதன்

வெயில் குறையவில்லை.

படிக்கும் முறை, மேடம் சொன்னபடி:
- வாய்விட்டு. மனசுக்குள் படித்தால் மனசோடு போச்சு.
- நேற்றுப் படித்ததை இன்று, அடுத்து ஒரு நாள் விட்டு, அடுத்து ஒரு வாரம் விட்டு.
- தப்பு வந்த வாக்கியம் மட்டும் தனி அட்டையில்.
- பேசியதை போனில் பதிந்து மறுநாள் கேட்க.
- வீட்டுச் சாமான் எல்லாவற்றிலும் பேர் எழுதி ஒட்ட.

பீரோ, கதவு, குக்கர் எல்லாம் ஒட்டியாச்சு. சாமி படத்தில் கை வைத்ததும் அம்மா வந்துவிட்டாள். "அதுக்கும் வேற பேரா? அந்தப் பக்கம் போ."

தறிக்கூடத்தில் ஓரமாக உட்கார்ந்து பேசுகிறேன். தறி ஓடும்போது எவ்வளவு கத்தினாலும் யாருக்கும் கேட்காது. கூச்சமே இல்லை.

இன்று அண்ணனைப் பற்றிக் கூடுதலாக ஒரு வரி: அண்ணன் எல்லாம் சாப்பிடுவார், கத்தரிக்காய் மட்டும் தொடமாட்டார். கத்தரிக்காய்க்கு ஜெர்மன் வார்த்தை நேற்றுதான் படித்தேன், வீணாக்க மனமில்லை. கத்தரிக்காய் என்றால் உயிரை விடும் அம்மாவுக்கு இப்படியொரு மகன்.

ஊடை நூல் சுற்றும் தார்க்குச்சி தீர்ந்துவிட்டது, ராசிபுரம் போகும்போது வாங்க.

ஜூன் 14, சனி

நேற்றைய பதிவைப் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன். என் ஊர், என் வேலை, பொழுதுபோக்கு எல்லாம் வழக்கம்போல் தடுமாற்றம். அண்ணன் பகுதி வந்ததும் நொண்டி நடந்தவள் ஓடுகிற மாதிரி. ஒரு தப்பு இல்லை.

ஒன்று மட்டும் புரியவில்லை. நான் எங்கும் நிறுத்தாமல்தான் சொன்னேன். பதிவில் நடுநடுவே இடைவெளி. எதிரே யாரோ கேள்வி கேட்க, நான் காத்திருந்து பதில் சொல்வதுபோல. இடைவெளியில் தறிச் சத்தமும் இல்லை.

போன் பழசு. மெமரி நிறைந்திருக்கும். பழைய கல்யாண வீடியோக்களை அழித்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

மாதாந்திர கரண்ட் நிறுத்தம். தறி நின்றதும் காது அடைத்துக்கொண்ட மாதிரி ஊரே அமைதி. மத்தியானம் போன் டேட்டாவில் வகுப்பு.

மேடம் மாதிரித் தேர்வு வைத்தார். அண்ணன் என்ன வேலை என்று கேட்டார். ரயில்வே என்று சொல்லி முடிக்கத்தான் நினைத்தேன். "தண்டவாளத்தில் விரிசல் பார்க்கும் வேலை, விடியும் முன்பே நடக்கப் போவார், கால் வலிக்கும், வீட்டுக்கு வந்து வெந்நீரில் காலை வைத்துக்கொள்வார்" என்று போனது வாய்.

மேடத்துக்கு ஒரே சந்தோஷம். "இதெல்லாம் எப்பம்மா படிச்ச? நான் நடத்தவே இல்லையே."

நானும் படிக்கவில்லை. விரிசல் என்பதற்கு ஜெர்மன் வார்த்தை என் அட்டைகள் எதிலும் இல்லை. பிறகு அகராதியில் பார்த்தேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன். காணொளியில் எங்காவது கேட்டிருப்பேன். வேறெப்படி?

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அம்மா. தறிக்குப் பக்கத்தில், தரையில், எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறாளோ.

"இன்னொருக்கா சொல்லு கண்ணு."

"என்னம்மா? உனக்கு ஒண்ணும் புரியாது."

"சரவணனைப் பத்தித்தான சொன்ன? நித்தம் சொல்றயே."

தறி ஓடும்போது யாருக்கும் கேட்காது என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இத்தனை வருஷம் தறிச் சத்தத்தில் வேலை செய்தவளுக்குக் காது எதற்கு? உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவள். மற்றதெல்லாம் புரியாவிட்டாலும் பேர் புரிந்திருக்கிறது.

பரீட்சைக்காக உண்டாக்கியது என்று சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

"எங்க இருக்கறதாச் சொல்ற?"

"சூரமங்கலம். ரயில்வேல வேலை. போதுமா?"

"சூரமங்கலமா? பஸ் ஏறி ஒரு தூக்கம் போட்டு எந்திரிக்கறதுக்குள்ள போயிரலாம். அத்தனை கிட்ட இருந்துக்கிட்டு ஏன் ஊட்டுப் பக்கம் வராம இருக்கறான்?"

விளையாட்டாகக் கேட்கிறாள் என்று சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

மேகம் வந்து ஏமாற்றிவிட்டுப் போனது.

பக்கத்து வீட்டுப் பாவாயி அத்தை முருங்கைக்கீரை கொடுக்க வந்தார். மதில் பக்கம் இழுத்துக்கொண்டு போய், "ஏஞ்சாமி, உங்கம்மா நேத்து என்ற கிட்ட சரவணன் சூரமங்கலத்துல இருக்கறான்னு சொல்றா. நீதான் சொன்னயாமா?"

"அது பரீட்சைக்குங்கத்தை. சும்மா ஒரு அண்ணன்."

"அந்தப் பேரை உனக்கு யாரு சொன்னாங்க?"

யாரும் சொல்லவில்லை. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சொன்னார். அவர் சொன்னபடியே எழுதி வைக்கிறேன்.

"உனக்கு முந்தி ஒண்ணு பொறந்துச்சு. இந்தப் பேருதான். சோறு திங்கற வயசுக்கே வரல, காச்சல்ல போயிருச்சு. அதுக்கப்பறம் அந்தப் பேரை உங்கம்மாளும் சொன்னதில்ல, உங்கப்பனும் சொன்னதில்ல. நீ பொறந்தப்ப உன்னய என்ற கிட்ட வித்தாங்க. ஒரு மொறம் தவிடு குடுத்து வாங்கினேன். 'இது என்ற புள்ளை, உங்கூட்ல வளரட்டும்'னு சொல்லி உங்கம்மா மடியில போட்டேன். முன்னத எடுத்துட்டுப் போனது இதையும் தேடிக்கிட்டு வரக்கூடாதுன்னு."

தவிட்டுக்கு வாங்கின பிள்ளை! சின்ன வயசில் அடம் பிடித்தால் எல்லாப் பிள்ளைகளையும் அப்படித்தான் சொல்வார்கள். என்னையும் சொல்வார்கள். என் விஷயத்தில் நிஜம் என்று இத்தனை வயசில்தான் தெரிகிறது.

"இப்ப நீயே அவனை அண்ணங்கற. அப்ப நீ அந்த ஊட்டுப் புள்ளைன்னு ஆயிப்போச்சுல்ல? வேண்டாஞ்சாமி. வேற என்னமாச்சும் சொல்லிப் பரீட்சை எழுது."

ஐ.சி.யு.-வில் வேலை பார்த்தவள் நான். சாவை மணிக்கணக்கில் பக்கத்தில் இருந்து பார்த்தவள். இதற்கெல்லாம் பயப்படுவேனா? பயமாகத்தான் இருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

அண்ணனை எடுத்துவிட்டேன். பதிலாக அக்கா. பேர் மாலதி, கெங்கவல்லியில் டீச்சர், தோட்டம் போடப் பிடிக்கும். எல்லாம் நான் நன்றாகப் படித்த வார்த்தைகள்.

முதல் வாக்கியம் வந்தது. இரண்டாவதில் நின்றேன். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும். "எனக்கு ஒரு அக்கா" என்று தொடங்கினால் நாக்கு பஞ்சாகிவிடுகிறது. காலையிலிருந்து இதேதான். பிறகு அக்காவை மட்டும் இல்லை, என் பேரைக்கூட ஒழுங்காகச் சொல்ல வரவில்லை.

மேடத்துக்குப் போன் செய்தேன். "கடைசி நேரத்துல எதையும் மாத்தாதேன்னு எத்தனை தடவை சொல்றது? வர்றதைச் சொல்லு."

வருவது அவர்தான்.

அக்காவை முயன்ற பதிவைப் போட்டுக் கேட்டேன். என் திக்கல், இடைவெளி, திக்கல். ஒரு இடைவெளியில் மெதுவாக மூச்சு விடும் சத்தம். எனக்குப் பின்னால் அல்ல, போனுக்கு இந்தப் பக்கம், கேட்பவர் பக்கம்.

அழித்துவிட்டேன். இனி பதிவு வேண்டாம்.

ஜூன் 25, புதன்

அமாவாசை. தறிக்கு லீவு. காக்காய்க்குச் சோறு வைத்து அம்மா கூப்பிட்டாள், ஒன்றும் வரவில்லை.

சாப்பிட மூன்று தட்டு போட்டிருந்தாள். கேட்டதற்கு, "கை மறந்து எடுத்திருச்சு" என்றாள். ஆனால் திரும்ப எடுத்து வைக்கவில்லை.

பாவாயி அத்தை முறத்தில் தவிட்டோடு வந்தார். மாட்டுக்கு என்று நினைத்தேன். நேராக அம்மா முன்னால் வைத்தார்.

"இந்தா. புள்ளைய மறுக்காவும் நான் வாங்கிக்கறேன். அக்கரைச் சீமைக்குப் போற புள்ளை. வாங்கிக்கிட்டுச் செரின்னு ஒரு வார்த்தை சொல்லிரு."

அம்மா முறத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வாங்கிக்கொள் அம்மா என்று கத்தத் தோன்றியது. இதை நம்புகிறேனா என்று யாராவது கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன்.

"ஒருக்கா வித்தது போதுங்க. ரெண்டும் என்ற புள்ளைங்கதான்" என்றாள் அம்மா. முறத்தை அத்தை பக்கம் தள்ளிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அத்தை முறத்தை எடுத்துக்கொண்டு போனார். வாசலில் கொஞ்சம் தவிடு சிந்திக் கிடந்தது. நான்தான் பெருக்கினேன்.

ஜூன் 27, வெள்ளி

சேலம் ஜங்ஷன், காலை ரயில். ஹால் டிக்கெட், ஆதார், பாஸ்போர்ட், பேனா எல்லாம் பையில். இதை ரயிலில் எழுதுகிறேன்.

வழியனுப்ப அம்மாவும் வந்தாள், தூக்குக் கேரியரோடு. எனக்குத்தானே என்று கை நீட்டினேன்.

"உனக்குப் புளிச்சோறு பையில இருக்குது. இது அங்க குடுக்கறதுக்கு."

"எங்கம்மா?"

"சூரமங்கலம் இங்கதான, ஸ்டேஷனுக்கு வெளிய. இவ்வளவு தூரம் வந்துட்டு வெறுங்கையோட திரும்பறதா?"

அம்மா, அது பொய், மதிப்பெண்ணுக்காக நான் சொன்ன பொய் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அம்மா என் கன்னத்தைத் தொட்டாள். பல நாளுக்குப் பிறகு முகம் தெளிவாக இருந்தது.

"நீ போனா நான் தனியா இருப்பேன்னுதான அழுதுட்டு வந்த? இனி அழாமப் பேசு சாமி."

ரயில் நகர்ந்தது. அம்மா டவுன் பஸ் நிற்கும் பக்கம் போகவில்லை. ரயில்வே குடியிருப்புப் பக்கம் திரும்பினாள். யாரிடமும் வழி கேட்கவில்லை.

கேரியரில் என்ன குழம்பு என்று நான் கேட்கவே இல்லை. வாசனையில் தெரிந்தது. கத்தரிக்காய். அவளுக்குப் பிடித்தது.

அண்ணன் கத்தரிக்காய் தொடமாட்டார் என்ற வரியை நான் வீட்டில் தமிழில் ஒரு முறைகூடச் சொன்னதில்லை.

ஜூன் 28, சனி

புழுக்கம். நேற்று முழுக்க அம்மா போனை எடுக்கவில்லை. காலையிலும் இல்லை. அப்படியே தேர்வுக்குள் போனேன்.

அதே கண்ணாடி போட்ட அம்மா. அதே கேள்வி. "நீங்கள் இங்கே வந்துவிட்டால் அம்மாவோடு யார் இருப்பார்கள்?"

"என் அண்ணன்" என்றேன். பிறகு நான் பேசவே இல்லை, பேச்சு தானாக வந்தது. சூரமங்கலம், தண்டவாளம், வெந்நீர். இதுவரை தனியாக இருந்தார். நேற்று அம்மா போய்ப் பார்த்தார். இனி வேலை முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிடுவார். கத்தரிக்காய் தவிர எல்லாம் சாப்பிடுவார்.

அந்தம்மா சிரித்தார். "நல்ல அண்ணன். உங்களுக்குக் கவலை இல்லை." முடிவு வர நாளாகும். ஆனால் தேறிவிட்டேன், அவர் முகத்திலேயே தெரிந்தது.

வெளியே வந்து பாவாயி அத்தைக்குப் போன் போட்டேன்.

"உங்கம்மா நேத்துச் சாயங்காலமே வந்துட்டா சாமி. நல்லாத்தான் இருக்கறா. தறி ஓட்டறா. பாட்டுக்கூடப் பாடறா."

"கேரியருங்கத்தை?"

"உங்கூட்டுத் திண்ணையில அப்படியே இருந்துச்சு, இப்பத்தான் கழுவலாம்னு தொறந்தேன். சோறு வழிச்சுத் தின்னிருக்குது. கொழம்பும் இல்ல. கத்தரிக்காயை மட்டும் ஒண்ணு விடாம ஓரமா ஒதுக்கி வெச்சிருக்குது. உங்கம்மா தின்னிருந்தா அதைத்தான சாமி மொதல்ல தின்னிருப்பா?"