பிறந்த வீட்டு மரம்

பெரம்பலூர்
18.11.2023

மரியே வாழ்க!

அன்புள்ள அண்ணனுக்கு,

லூர்து எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் அண்ணியும் சுகம்தானே? போன டிசம்பரில் அடிபட்ட முழங்கை இந்தக் குளிருக்கு வலிக்கிறதா? அண்ணியைக் கேட்டால், “அவருக்கென்ன, இரும்பாட்டம் இருக்காரு” என்கிறாள். நீ சொல்லிக் கொடுத்துச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியாதா?

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் நீ ஒன்பது பேசி வைத்துவிடுவாய். கடிதம் என்றால் கடைசிவரை கேட்டுத்தானே ஆக வேண்டும்.

விஷயம் இதுதான். இந்த வருடம் கிறிஸ்துமஸ் மரம் கொண்டு வர வேண்டாம். புது வீட்டுக்கு வெள்ளை டைல்ஸ் போட்டிருக்கிறோம், நீதான் வந்து பார்த்தாயே. சவுக்கு இரண்டாம் நாளே கொட்ட ஆரம்பித்துவிடுகிறது. மணல் பக்கெட்டிலிருந்து தண்ணீர் கசிந்து தரையெல்லாம் கறை. மருமகள் ஜெயசுதா கூட்டிக் கூட்டி ஓய்ந்துபோகிறாள். பிராங்க்ளின் துபாயிலிருந்து ஒரு பிளாஸ்டிக் மரம் அனுப்பியிருக்கிறான். குடை மாதிரி விரித்து நிறுத்தலாம், பண்டிகை முடிந்ததும் மடித்துப் பரணில் போட்டுவிடலாம்.

கோபித்துக்கொள்ளாதே அண்ணா. மற்ற பெண்களுக்குப் பிறந்த வீட்டிலிருந்து பொங்கலுக்குக் கரும்பும் பானையும் வரும். எனக்கு இருபத்து நான்காம் தேதி சாயந்திரம் சவுக்கு வரும். கல்யாணமான வருடத்திலிருந்து ஒரு வருடமும் தவறியதில்லை. அம்மா போட்ட வழக்கம் என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் சீர் என்றால் மரம்தான் வர வேண்டுமா? நீ வந்தால் போதாதா? அந்த டிவிஎஸ்ஸை வீட்டில் நிறுத்திவிட்டு, நீயும் அண்ணியும் நிம்மதியாக பஸ் ஏறி வாருங்கள். அதிரசத்துக்கு மாவு இடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் அன்புத் தங்கை,
லூர்து

*

மீன்சுருட்டி
27.11.2023

அன்புத் தங்கை லூர்துக்கு,

அண்ணன் அடைக்கலசாமியின் ஆசீர்வாதம். உன் கடிதம் கிடைத்தது. நீ சொன்னபடி கடைசிவரை கேட்டேன். உன் அண்ணிக்கும் படித்துக் காட்டினேன். டைல்ஸ் என்ற இடத்தில் மட்டும் “ம்” என்றாள். பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

முழங்கை நன்றாக இருக்கிறது. லாரிக்காரன் மேல் நமக்கு வருத்தம் இல்லை என்று அதனிடம் சொல்லிவிட்டேன். அதுவும் வலிப்பதை விட்டுவிட்டது.

வாய்க்கால் ஓரத்துச் சவுக்கு வரிசை உனக்கு ஞாபகம் இருக்கும். உன்னைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய அன்றைக்கு அம்மா என்னை அங்கே கூட்டிப்போய், “இந்த ஓரம் லூர்துக்குடா. தோப்பு வெட்டுறப்ப இதுல மட்டும் கை வெச்சுராத” என்றாள். அதற்குப் பிறகு தோப்பை எத்தனையோ தடவை வெட்டி நட்டாயிற்று. அந்த ஓரத்தில் மட்டும் வருடா வருடம் தனியாகக் கன்று வைப்பேன். ஆளுயரம் வந்ததில் நல்லதாகப் பார்த்து உனக்கு வெட்டுவேன். வெட்டியதும் அடிமரத்தில் அரிவாளால் ஒரு சிலுவை கீறுவேன், அப்பா கீறுவது போலவே. இந்த வருடம் நிற்கிற மரம் நல்ல மரம். கிளை நாலு பக்கமும் சமமாக விட்டிருக்கிறது. போன மாதமே உன் அண்ணியிடம் காட்டி, “இதான் லூர்து மரம்” என்று சொல்லி வைத்திருந்தேன்.

பிளாஸ்டிக் மரம் கொட்டாது, ஒப்புக்கொள்கிறேன். தண்ணீர் கேட்காது, அதுவும் சரி. அதில் சிலுவையை எங்கே கீறுவது என்று மட்டும் உன் பிள்ளையைக் கேட்டுச் சொல்.

உன் வீடு, உன் தரை. வேண்டாம் என்றால் வேண்டாம். வருவதைப் பிறகு பார்க்கலாம். மாப்பிள்ளையையும் ஜெயசுதாவையும் விசாரித்ததாகச் சொல்.

அண்ணன்,
அடைக்கலசாமி

*

பெரம்பலூர்
30.12.2023

மரியே வாழ்க!

அன்புள்ள அண்ணனுக்கு,

வந்துவிடுவாய் என்றுதான் இருந்தேன். பூசைக்குக் கிளம்பும்வரை வாசலைப் பார்த்தேன். இவர் கூட, “உங்கண்ணன் என்னிக்கு நேரத்துக்கு வந்தாரு, வருவாரு இரு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மறுநாள் பிரியாணியில் உனக்கென்று எலும்புக்கறி எடுத்து வைத்தேன், கடைசியில் அதை யாரும் தொடவில்லை. போன் செய்தால் அண்ணி எடுத்து, “தோப்புல வேலை” என்கிறாள். கிறிஸ்துமஸ் அன்றைக்குத் தோப்பில் என்ன வேலை அண்ணா?

மரம் வேண்டாம் என்றேன். நீ வேண்டாம் என்றா சொன்னேன்?

தெருவில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள், “என்ன லூர்து, இந்த வருஷம் அண்ணன் வரலையா?” என்று. வேலை என்றேன். என் முகத்தைப் பார்த்து நம்பியிருக்க மாட்டார்கள்.

மரம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. விளக்கு விட்டு விட்டு எரிகிறது. உன்னிடம் மட்டும் சொல்கிறேன், பக்கத்தில் போனால் புதுச் செருப்பு வாசனை வருகிறது. கீழே குடில் வைத்தால் ஏதோ கடையில் விற்க வைத்த மாதிரி இருந்தது. நீ இருந்திருந்தால் கேலி செய்தே எங்களைக் கொன்றிருப்பாய். அந்தக் கேலிக்குத்தான் ஏங்கிப்போனேன்.

புது வருட வாழ்த்துகள். பொங்கலுக்காவது வா. ஒரு வரி எழுது.

உன்,
லூர்து

*

மீன்சுருட்டி
11.2.2024

அன்புள்ள லூர்துக்கு,

பதில் எழுதத் தாமதம். பொங்கல் கழித்துத் தோப்பை வெட்டக் கொடுத்தேன். லாரி வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது. வெட்ட வந்த வேல்முருகன் வாய்க்கால் ஓரத்தில் நின்று, “ஐயா, இத வழக்கம்போல விட்டுரவா?” என்று கேட்டான். எதுக்குப்பா, அதையும் போடு என்றேன். அவன் திரும்பவும் கேட்டான். நானும் திரும்ப அதையே சொன்னேன். உன் அண்ணி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்த இடம் முழுக்க முந்திரிக் கன்று வைத்தாயிற்று. இனி சவுக்கு வைக்கிற வேலை இல்லை. முந்திரி வந்தால் உங்கள் கேக்குக்கு ஆகும், தரையிலும் கொட்டாது.

எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. நீ அதை நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

அடைக்கலசாமி

*

பெரம்பலூர்
3.12.2024

மரியே வாழ்க!

என் அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து அண்ணிக்குப் படித்துக் காட்டாதே. முதலில் நீ மட்டும் படி.

நேற்று நல்ல மழை. மார்க்கெட்டிலிருந்து வரும்போது எங்கள் தெரு முனையில் காதர் பாட்சா பாய் டீக்கடையில் ஒதுங்கினேன். கடைக்கு முன்னால் படுதா கட்டியிருக்கிறார். அதைத் தாங்க ஒரு பக்கம் இரும்புக் குழாய், இன்னொரு பக்கம் ஒரு சவுக்குக் கழி. கீழே பையை வைக்கக் குனிந்தேன். கழியின் அடியில் ஒரு சிலுவை கீறியிருந்தது அண்ணா.

யாருடைய கை என்று எனக்குத் தெரியாதா? “இது ஏது பாய்?” என்று கேட்டேன்.

“போன கிறிஸ்மஸுக்கு முந்தின நாளு ஒரு பெரியவரு டிவிஎஸ்ஸுல கட்டி எடுத்தாந்தாரும்மா. முழு மரமா, பச்சப்பசேல்னு. ‘தங்கச்சி வூட்டுக்குக் கொண்டாந்தேன் பாய், அங்க வேற மரம் வந்துருச்சு. திருப்பி எடுத்துட்டுப் போக மனசில்ல, நீங்க வெச்சுக்குங்க’ன்னாரு. டீ குடிங்கன்னேன். வேணாம்னுட்டாரு. இலையெல்லாம் கொட்டினப்புறமும் தூக்கிப் போட மனசு வரல, கடைக்கு ஊனிட்டேன்” என்றார்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பாய் பயந்துபோய் ஒரு டீயைக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாய். நான் உள்ளே உட்கார்ந்துகொண்டு அண்ணன் வரவில்லையே என்று உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டைல்ஸ் ஒரு சாக்கு. ஒரு துணியில் துடைத்தால் போகிற கறை அது. நான் வேண்டாம் என்று எழுதியதற்கு முந்தைய வருடம் அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிக்காரன் உரசி, மரத்தோடு உன்னையும் பள்ளத்தில் தள்ளிவிட்டுப் போனானே, நீ முழங்கையில் ரத்தத்தோடு வந்து, “மரத்துக்கு ஒண்ணும் ஆகல பாரு” என்று சிரித்தாயே, அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. பஸ்காரன் மரத்தை ஏற்ற மாட்டேன் என்றதும் வண்டியில் கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தாய். அந்த ரோட்டில் லாரி எப்படிப் போகிறது என்று எனக்குத் தெரியும். பயமாக இருக்கிறது என்று சொன்னால் நீ கேட்பாயா? வீம்புக்கென்றே இரண்டு மரம் கட்டிக்கொண்டு வருவாய். என் வீட்டுக்கு வேண்டாம் என்று சொன்னால்தான் நிற்பாய் என்று கணக்குப் போட்டேன். பிளாஸ்டிக் மரம் வேண்டும் என்று பிராங்க்ளினைக் கேட்டு வாங்கியதும் நான்தான்.

உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்து உன் மனதை அறுத்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு.

இந்த வருடம் எனக்குச் சவுக்கு வேண்டும். சின்னக் கிளையானாலும் போதும். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருகிற அளவுக்கு ஒன்று. தோப்பை வெட்டிவிட்டாய் என்று தெரியும். எங்கேயாவது ஒன்று கிடைக்காதா?

லூர்து

*

மீன்சுருட்டி
14.12.2024

அன்புத் தங்கை லூர்துக்கு,

நான் மட்டும்தான் படித்தேன். படித்துவிட்டு வாய்க்கால் ஓரத்துக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். முந்திரிக் கன்று முழங்கால் உயரம்கூட வரவில்லை. அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

நீ வேண்டாம் என்று எழுதியும் வந்தேன். உன் வாய்தான் அப்படிச் சொல்லும், மரத்தைக் கண்டால் உள்ளே எடுத்துப் போவாய் என்று நினைத்தேன். கேட்டைத் திறக்கும்போது சன்னல் வழியாக உள்ளே தெரிந்தது. ஜெயசுதா சுவிட்சைப் போட்டாள், அந்த மரம் பளிச்சென்று எரிந்தது. எல்லோரும் கை தட்டினீர்கள். நீயும் தட்டினாய். அதற்குப் பிறகு மணியடிக்க எனக்குக் கை வரவில்லை. என் மரம் அந்த விளக்குக்கு முன்னால் விறகு மாதிரி இருக்கும் என்று பட்டது.

லூர்து, எனக்கு லாரியைக் கண்டு பயமாக இருக்கிறது அண்ணா என்று ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? வைதிருப்பேன். இரண்டு நாள் முறைத்துக்கொண்டு இருந்திருப்பேன். மூன்றாம் நாள் ஒரு கிளையைக் கோணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறியிருப்பேன். நானும் மணியை அடித்துக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வேல்முருகன் இரண்டு தடவை கேட்டும் அந்த வரிசையை வெட்டச் சொன்னது நான்தான். உன் மேல் மட்டும் பழி இல்லை. அம்மா சொல்லை நான் வெட்டிப் போட்டேன்.

நீ கேட்டபடி உடையார்பாளையம் பக்கம் ஒருவர் தோப்பில் போய்ப் பார்த்தேன். “எது வேணுமோ எடுத்துக்குங்க” என்றார் அவர். ஒன்றை வெட்டவும் வெட்டினேன். அடியில் சிலுவை கீற அரிவாளை வைத்தேன், முடியவில்லை. அடுத்தவர் மரத்தில் அப்பாவின் சிலுவையை எப்படிக் கீறுவது? அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மரம் இல்லாவிட்டால் என்ன, நீ வா என்பாய். கிறிஸ்துமஸுக்கு வெறுங்கையோடு உன் வீட்டுப் படி ஏறி எனக்குப் பழக்கம் இல்லை. நீ இங்கே வா என்று கூப்பிடவும் வாய் வரவில்லை. வந்தால் நேராக வாய்க்கால் ஓரத்துக்குத்தான் போவாய். அந்த இடத்தை உனக்குக் காட்டுகிற தெம்பு எனக்கு இல்லை.

எனக்காகக் காத்திருக்காதே. பிள்ளைகளோடு சந்தோஷமாகக் கொண்டாடு. பிராங்க்ளின் அனுப்பிய மரத்தை வை. அது பாவம், என்ன செய்யும்.

அண்ணன்,
அடைக்கலசாமி

*

பெரம்பலூர்
24.12.2024

அண்ணா,

இதைத் தபாலில் போட்டால் பண்டிகை முடிந்துதான் வரும் என்று தெரியும். ஆனாலும் இன்றைக்கு உன்னோடு பேசாமல் இருக்க முடியவில்லை.

பிளாஸ்டிக் மரத்தை நான் இறக்க விடவில்லை. ஜெயசுதா இரண்டு தடவை பரணுக்கு ஸ்டூல் போட்டாள், நான் எடுத்து வைத்துவிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவளும் அழுதாள். “பெரியப்பா வாசல்ல நின்னாங்களா? நான் பாக்கலயே அத்தை” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

காதர் பாட்சா பாய் காலையில் கூப்பிட்டு, “அந்தக் கழிய வேணும்னா பிடுங்கித் தரேம்மா, வூட்டுக்கு எடுத்துட்டுப் போங்க” என்றார். படுதா விழுந்துவிடும் பாய், இருக்கட்டும் என்றேன். நான் வேண்டாம் என்று சொன்னதை அவர் ஒரு வருடமாக வைத்திருக்கிறார். அவரிடமே இருக்கட்டும்.

சாயந்திரத்திலிருந்து தெருவில் டிவிஎஸ் சத்தம் கேட்கும் போதெல்லாம் எழுந்து போகிறேன். பால்காரர் வந்தார். எதிர்வீட்டுப் பையன் வந்தான். வெறுங்கையோடு வர மாட்டாய் என்று தெரிந்தும் கேட்டைத் தாழ் போடவில்லை. இப்போது பூசைக்குக் கிளம்ப வேண்டும். இவர் வெளியே நின்று கூப்பிடுகிறார்.

மரம் வைக்கிற மூலையில் குடிலை மட்டும் வைத்திருக்கிறோம். சுற்றிலும் ஒன்றும் இல்லை. காலையில் கூட்டியது அப்படியே இருக்கிறது, ஒரு இலை இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

தரை சுத்தமாக இருக்கிறது அண்ணா.

லூர்து