மூன்று ஆடுகளின் வீக்கத்தை ஏட்டில் எழுதாமல் விட்டது குறித்து

அனுப்புநர்:
தோரோன்பெக் சாகினோவ்,
ஆடு பராமரிப்பாளர், எலும்பு ஆய்வு மையப் பண்ணை,
சோக்குலுக்.

பெறுநர்:
மேற்பார்வை அலுவலர் அவர்கள்,
மருத்துவச் சோதனைகள் பிரிவு,
பிஷ்கெக்.

பொருள்: உடம்பில் கரையும் மெக்னீசியத் திருகுகள் – பண்ணைச் சோதனையில் என்னால் நேர்ந்த பிழை – நோயாளிகளுக்குப் பொருத்துவதை நிறுத்திவைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. இந்தப் புகார் என்மீதே நான் கொடுப்பது. பதினாறு ஆண்டுகளாக மேற்படி பண்ணையில் ஆடுகளைப் பார்த்துக்கொள்கிறேன். சென்ற ஆண்டு பன்னிரண்டு ஆடுகளின் பின்னங்காலில் மெக்னீசியத் திருகு பொருத்தினார்கள். எலும்பு கூடியதும் திருகு தானே கரைந்துவிடும், கழற்ற மறுபடி கத்தி வைக்க வேண்டாம் என்பது நோக்கம். ஆய்வாளர் குல்சாத் ஓமுரோவா அதை எனக்கு இப்படி விளக்கினார்: "உப்புத் தண்ணியில போட்டா சோடா மாதிரி நுரைக்கும் அண்ணே. மெதுவா நுரைச்சா உடம்பே உறிஞ்சிக்கும். வேகமா நுரைச்சா காத்து தேங்கிடும், எலும்பு பின்வாங்கிடும். அதைத்தான் நாம பாக்கணும்."

2. ஐந்தாம் வாரம் ஒரு ஆடு நொண்டியது. முழங்காலுக்குப் பின்னால் வீங்கியிருந்தது. அழுத்தினால் புதுப்பனியில் கால் வைத்ததுபோல் தோலுக்கடியில் நொறுநொறுத்தது. குல்சாத் அம்மையார் அப்போது வெளியூரில் இருந்தார். வயிறு உப்பிய ஆட்டைக் குத்திக் காற்றை வெளியேற்ற மலைமேய்ச்சலில் கற்றவன் நான். மெல்லிய ஊசியைச் செருகினேன், காற்று வந்தது, ஆடு எழுந்து புல் தின்றது. அதன் நோவு தீர்ந்தது என்பதைத் தவிர வேறெதையும் அன்று நான் யோசிக்கவில்லை.

3. ஏட்டை மாலையில்தான் நிரப்புவேன். 'வீக்கம்' என்ற கட்டத்துக்கு வரும்போது வீக்கம் இருக்காது. எனவே 'இல்லை' என்று எழுதினேன். பொய் எழுதுகிறோம் என்று தோன்றவில்லை. மொத்தம் மூன்று ஆடுகளுக்கு இப்படிச் செய்தேன். எட்டாம் வாரம் எக்ஸ்ரே எடுப்பதற்கு முதல்நாளும் செய்தேன். படத்தில் திருகைச் சுற்றி லேசான நிழல் தெரிந்ததாம். ஏட்டில் வீக்கம் இல்லையென்று இருந்ததால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

4. இந்த ஆண்டு ஒன்பது பேருக்குக் கணுக்காலில் அதே திருகைப் பொருத்தினார்கள். செப்டம்பரில் ஆடுகளின் இரத்த மாதிரிகளைக் கொண்டுபோனபோது, மையத்தின் நடைவழியில் அந்த ஒன்பது பேரில் ஒருவரான பெகாயிம் என்ற தையற்காரப் பெண் பக்கத்தில் அமர்ந்திருந்தார். என் பண்ணை உடுப்பைப் பார்த்துச் சிரித்து, "ஆட்டு டாக்டரா அண்ணே? நம்ம காலையும் கொஞ்சம் பாருங்க. கை வச்சா பனியில நடக்கிற மாதிரி நொறுநொறுங்குது" என்றார். நான் குனிந்து பார்க்கவில்லை. பார்க்கத் தேவையிருக்கவில்லை.

5. அன்றே குல்சாத் அம்மையாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எந்தெந்த ஆடு?" என்று மட்டும் கேட்டார். எண்களைச் சொன்னேன். மூன்றிலும் இருந்தவை, உலோகத்தை இரண்டாவது முறை உருக்கி ஊற்றிய வார்ப்பில் செய்த திருகுகள். அதில் இரும்புக் கசடு கலந்திருந்தால் இப்படி வேகமாக அரிக்கும் என்றார். நோயாளிகளுக்கு வைத்த அத்தனையும் அந்த வார்ப்புதான். "நீங்க ஒரு வரி எழுதியிருந்தா போதும் அண்ணே" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

6. அவர் மேலிடத்துக்கு எழுதினார். நானும் போய் நின்றேன். "ஏடுதான் ஆவணம். ஒரு மேய்ப்பனோட ஞாபகத்தை வச்சு ஆராய்ச்சியை நிறுத்த முடியாது" என்று மையத் தலைவர் அனுப்பிவிட்டார். பெகாயிமுக்குக் கிருமித்தொற்று என்று மருந்து கொடுத்தார்கள். அக்டோபரில் மறுபடி கத்தி வைத்துத் திருகை எடுத்தபோது, சுற்றியிருந்த எலும்பில் விரல்நுனி அளவு பள்ளம். இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார்; தையல் இயந்திரத்தைக் காலால் மிதிக்க முடிவதில்லை. இம்மாதம் இருபதாம் தேதி இன்னும் ஆறு பேருக்கு அதே வார்ப்பிலிருந்து பொருத்த நாள் குறித்திருக்கிறார்கள்.

7. ஆகவே அந்த அறுவைச் சிகிச்சைகளை நிறுத்திவைக்குமாறும், மீதி எட்டுப் பேரையும் உடனே அழைத்துப் பார்க்குமாறும், இரண்டாவது வார்ப்பை வேறோர் ஆய்வகத்தில் சோதிக்குமாறும் பணிந்து வேண்டுகிறேன். முதல் வார்ப்பு வைத்த ஆடுகளுக்கு எலும்பு நன்றாகவே கூடியது. என் பிழையால் அந்த உலோகத்தையே ஒதுக்கிவிட வேண்டாம்.

8. இன்னொன்றும் உண்டு. பெகாயிமுக்கு யாரும் இன்னும் காரணத்தைச் சொல்லவில்லை. தான் காலைச் சுத்தமாக வைத்துக்கொள்ளாததால்தான் கிருமி சேர்ந்தது என்று நம்பி, இப்போது வீட்டுவேலை முழுவதையும் தனியே செய்து வருந்தும் மாமியாரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அதை என்னிடமே சொன்னார். உண்மையைச் சொல்லாமலே வந்துவிட்டேன். அவர்மேல் எந்தத் தவறும் இல்லை என்று தங்கள் அலுவலக முத்திரையோடு ஒரு கடிதம் முதலில் அவர் வீட்டுக்குப் போகட்டும். என்மீதான நடவடிக்கையை அதற்கு மறுநாள் தொடங்கினால் போதும்.

இடம்: சோக்குலுக்
தேதி: 9 நவம்பர்

தங்கள் விசாரணைக்குக் காத்திருக்கும்,
தோ. சாகினோவ்
(கையொப்பம்)