ஆறாத கரி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருக்கிறாய் என்ற ஒரு நினைப்பில்தான் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் நீ மூன்று தடவை போன் செய்தாய், மூன்று தடவையும் அப்பா தூங்குகிறார் என்று சொன்னேன். அது தூக்கம் இல்லையப்பா. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நினைவில்லாமல் கிடந்தார். வாயால் சொன்னால் அழுகைதான் வரும், அதனால் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் வேலைதான் உனக்குத் தெரியுமே. சோளத்தட்டையை டிரம்மில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடிச் சூடேற்றுவேன். முதலில் ஈரமெல்லாம் வெள்ளைப் புகையாகப் போகும். அப்புறம் தட்டை உள்ளுக்குள்ளேயே உடைந்து, மஞ்சளாக, கண்ணைக் கரிக்கிற புகை வரும், அதைக் குழாயில் இழுத்துத்தான் மில் இயந்திரமே ஓடுகிறது. கடைசியில் புகை மெலிந்து நின்றுபோனால் மிச்சம் கரி. அந்தக் கரி ஒரு முழு நாள் மூடியபடியே ஆற வேண்டும், சூட்டோடு காற்றுப் பட்டால் மறுபடி கனியும். பதினோரு வருஷமாக இதில் நான் பிசகினதில்லை. அன்றைக்கு கரி ஏத்த லாரி வந்து நிக்குது, உடனே திறங்கம்மான்னு மேனேஜர் கத்தினார். இன்னும் சுடுதுங்க சார் என்று இரண்டு தடவை சொன்னேன். வேலை வேணுமா வேணாமான்னு கேட்டார். திறந்துவிட்டேன். வெளியே மழை, அதனால் கரியை ஷெட்டுக்குள் கொட்டிக் கதவைச் சாத்தி, அங்கேயே லோடு வேலை பார்த்த அப்பாவை மூட்டை பிடிக்க அனுப்பினார்கள். நெருப்பும் இல்லை, புகையும் இல்லை, கரி மட்டும் உள்ளே கனிந்துகொண்டிருந்திருக்கிறது. அப்படிக் கனிகிற கரியிலிருந்து வரும் விஷவாயுவுக்கு வாசனையே கிடையாதாம், டாக்டர் சொன்னார். சத்தமே வரவில்லையே என்று நான் போய்க் கதவைத் திறந்தபோது, பாதி மூட்டையைக் கையில் பிடித்தபடி சுவரில் சாய்ந்து கிடந்தார். நான் திறந்த டிரம்தானே, என் கையை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது.

மறுநாளே மேனேஜர் ஒரு காகிதம் கொண்டுவந்தார். அப்பா ஷெட்டுக்குள் பீடி பிடித்ததால் வந்த வினை என்று எழுதியிருந்தது, கையெழுத்துப் போட்டா வேலை போகாதும்மா என்றார். அப்பா பீடியை விட்டு எத்தனை வருஷமாயிற்று, நீதானே பிடுங்கி எறிந்தாய். நான் போடவில்லை. விசாரிக்க வந்த அதிகாரியிடம், திறக்கச் சொன்னது மேனேஜர், திறந்தது நான் என்று இரண்டையும் சொல்லிவிட்டேன். ஷெட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். எனக்கு வேலை இல்லை, கூட வேலை பார்த்தவர்கள் எங்க பொழைப்பையும் சேர்த்துக் கெடுத்துட்டியேக்கா என்று முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கேஸ் என் மேலும் வரலாமாம். வரட்டும். அதற்கெல்லாம் இப்போது பயப்படத் தெம்பில்லை.

இன்று காலை அப்பா கண் திறந்தார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். இவங்க யாருன்னு தெரியுதா என்று டாக்டர் கேட்டார். என்னை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, தெரியலையேம்மா, நிக்கிறீங்களே, உட்காருங்க என்றார். முப்பது வருஷமாக இந்தாடி என்று கூப்பிட்ட மனுஷன், எனக்கு ‘உட்காருங்க’ போடுகிறார். பிள்ளைங்க எத்தனை பேர் என்று கேட்டதற்கு மட்டும் யோசிக்காமல், ஒரே பையன், தூரத்துல இருக்கான் என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, அவன் வரட்டும், நீங்க யாருன்னு அவனைக் கேட்டுச் சொல்றேன் என்றார். அதனால் லீவு கிடைக்காது, டிக்கெட் இல்லை என்று எதுவும் சொல்லாதே ராசா. நீ வந்து நான் யார் என்று அவருக்குச் சொல்.

வழியில் வயிற்றைக் காயப்போடாதே. குளிருக்கு அறையில் கணப்பு வைத்தால் ஜன்னலை ஒரு விரற்கடையாவது திறந்து வைத்துவிட்டுப் படு, இதை மறக்கவே கூடாது. என் ஆயுசையும் சேர்த்து நீ நன்றாக இருக்க வேண்டும்.

வார்டு வாசலில் காத்திருக்கும்,
உன் அம்மா.