கள்ளிக்கு ஏற்ற மண்

குன்றத்தூர் முருகன் துணை

சேரப்பணஞ்சேரி
8-6-2025

அன்புள்ள மருமகள் சுகப்பிரியாவுக்கு அத்தை எழுதுவது. நீ போனை எடுக்கறதில்லை; அதனால ஸ்ரீதர் கையில் கொடுத்தனுப்பறேன். நீயும் அவனும் தனியாப் போய் நாலு மாசம் ஆச்சு. அந்த ரூமில் காற்று வருதா? நைட் ஷிப்ட் முடிஞ்சு சாப்பிட்டுத்தானே தூங்கறே?

நீ மாடியில் விட்டுப்போன ஏழு கள்ளியில் நாலு, அடியில் கொழகொழன்னு அழுகிப்போச்சு. நான் குறை ஒண்ணும் வைக்கலை. வெறும் மணலாக் கிடக்கேன்னு ஏரி வண்டலும் சாணியும் போட்டு மாத்தினேன். பூஜை ரூம் வேலுக்கு அபிஷேகம் பண்ணின தண்ணியைக் கால் படற இடத்தில் கொட்டக் கூடாதில்லையா, தினமும் அதைத்தான் ஊத்தினேன். எல்லாம் தேதி போட்டு நோட்டில் இருக்கு. என்ன மண் வேணும், எழுது. நீயே வந்து பார்த்தா இன்னும் நல்லது. உங்க ரூம் அப்படியேதான் இருக்கு.

ராஜாமணி

*

இருங்காட்டுக்கோட்டை
15-6-2025

அத்தைக்கு,

செம்மண் ஒரு பங்கு, பருமணல் ரெண்டு பங்கு, உடைச்ச செங்கல் ஒரு பங்கு. சாணி வேண்டாம். அழுகாத நுனியை வெட்டி, நிழலில் பத்து நாள் காயவச்சு நடுங்க. ஒரு வாரம் தண்ணியே காட்டாதீங்க. பிறகும் மண் முழுக்கக் காய்ஞ்சா மட்டும். வண்டலில் ஈரம் நிற்கும், வேர் மூச்சு முட்டிச் செத்துரும். இதை அங்கே இருக்கும்போதே சொன்னேன். "சாமி தண்ணி எந்தச் செடியைடி கொன்னுது?"ன்னு கேட்டீங்க.

அதே நோட்டில்தானே நான் வீட்டுக்குத் தூரமான தேதியையும் மூணு வருஷமா எழுதினீங்க? தைப்பூசத்தன்னைக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டு ஜோதி சித்திக்கு வாசிச்சீங்க. "பாரு ஜோதி, ஒரு மாசம் தவறுதா பாரு." சித்தி சொன்னாங்க, "முள்ளு வளர்க்கறவளுக்குப் புள்ளை எங்கேர்ந்து வரும்?" நீங்களும் சேர்ந்து சிரிச்சீங்க. நான் காபித் தட்டோட வாசப்படியில் நின்னுக்கிட்டிருந்தேன்.

நான் வரலை.

சுகப்பிரியா

*

முருகன் துணை

சேரப்பணஞ்சேரி
20-7-2025

அன்புள்ள சுகப்பிரியாவுக்கு,

நீ சொன்ன மண்தான் கலந்தேன். ஆறு போச்சு. தூண் மாதிரி நின்ன கள்ளியோட நுனி மட்டும் வேர் பிடிச்சிருக்கு. குச்சி குத்தி, காய்ஞ்சிருந்தாத்தான் தண்ணி.

அந்தத் தேதியெல்லாம் உனக்கு வரம் கேட்கறப்ப முருகன்கிட்ட சொல்லத்தான் எழுதினேன். ஜோதிகிட்ட வாசிச்சது தப்பு. அந்தப் பக்கங்களைக் கிழிச்சு வெந்நீர் அடுப்பில் போட்டாச்சு.

போன ஞாயிறு ஸ்ரீதர் வந்து உன் பீரோவையும் டெம்போவில் ஏத்திட்டான். "செடி வேணாமாடா?"ன்னேன். "வேணாம்னுட்டாம்மா"ன்னான்.

அபிஷேகத் தண்ணியைத் தினமும் ஊத்த இப்போ செடித் தொட்டி இல்லை. மாடியில் நீ துணி காயப்போடற இடத்தில் ஊத்திடறேன். அங்கே இப்போ யார் காலும் படறதில்லை.

ராஜாமணி