என் மேஜைக்கு மேலே

6-11-95, திங்கள்

காலையிலிருந்து மழை. பாளையங்கோட்டை பஸ் முக்கால் மணி லேட். ஆபீஸ் ஹாலில் முற்றத்து ஓரமாக ஒழுக்கு, மூன்று வாளி. பழைய வியாபாரி வீட்டை ஆபீசாக்கினால் இப்படித்தான். தேக்குத் தூணுக்கு நடுவே பிளைவுட் தடுப்பு, தூணிலேயே காலண்டர் ஆணி.

கோமதி அக்கா என் மேஜைக்கு வந்து ரகசியமாகச் சொன்னாள்: அடுத்த வெள்ளி மகளைப் பெண் பார்க்கக் கல்லிடைக்குறிச்சியிலிருந்து வருகிறார்களாம். காய்ச்சல் என்று லீவு போடப் போகிறாளாம். நாலு மணிக்கு மேனேஜர் (இனி மே.) அவளை மாடிக்குக் கூப்பிட்டு, "அடுத்த வாரம் வரப்போற காய்ச்சல் இப்பவே தெரிஞ்சிட்டோ?" என்றாராம்.

"ஏட்டி, உங்கிட்ட மட்டுந்தான சொன்னேன்."

சத்தியம் செய்தேன். நம்பவில்லை.

7-11, செவ்வாய்

என் பக்கம் ஒருவரும் வரவில்லை. போன மாதம் டைப்பிஸ்ட் செல்வராஜ் வேறு கம்பெனிக்கு மனு போட்டதும் இப்படித்தான் மே. காதுக்குப் போனது. அதையும் என் மேஜையில் வைத்துத்தான் சொன்னான். சந்தேகம்:

1. பியூன் சங்கரன். ஆனால் காது மந்தம்.
2. செல்வராஜ். தன்னையே காட்டிக்கொடுப்பானா? செய்யக்கூடியவன்தான்.
3. கோ. அக்கா. சீ.

அவர்கள் பட்டியலில் ஒரே பெயர். என் பெயர். தண்ணிப் பானையருகே செல்வராஜ் சங்கரனிடம், எனக்குக் கேட்கும்படி: "கோள் மூட்டுததுக்குன்னே ஒரு ஆளு சம்பளம் வாங்குது, வே."

பாத்ரூமில் போய் அழுதேன். பத்து வருஷப் பழக்கம். ஒரே நாளில் கோள்சொல்லி.

8-11, புதன்

மழையில் ஆபீஸ் போன் செத்துவிட்டது. மதியம் எல்லோரும் பின்கட்டில் சாப்பிடும்போது அந்தச் செத்த போனை எடுத்து, "நாளைக்கு அரை நாள் லீவு போட்டுட்டு மேட்னிக்கு வாரேன்" என்றேன். வெறும் காற்றிடம்.

மூன்று மணிக்கு மே.: "நாளைக்கு என்ன படம்?"

ஹாலில் ஈ காக்கை இல்லையே!

9-11, வியாழன்

கட்டிடத்துக்குச் சொந்தக்காரர் காதர் பாய் ஒழுக்குப் பார்க்க மேலப்பாளையத்திலிருந்து வந்தார். அண்ணாந்தவர், என் தலைக்கு நேரே மரக்கூரையில் செதுக்கிய பூவைக் காட்டினார். பூ முழுக்க ஓட்டை. தூசி படிந்திருந்ததால் நான் கவனித்ததே இல்லை.

"அதுல ஆணி கீணி அடிச்சிராதீக. மாடியில ஒரு பலகையைத் தூக்குனா இங்கன பேசுதது அம்புட்டும் கேக்கும். சம்பந்தம் பேச ஆளு வந்தா எங்க வீட்டுப் பொம்பளைக மேல உக்காந்து கேப்பாக. பிடிக்கலைன்னா வளையலால ஒரு தட்டு. பேச்சு அங்கனயே நின்னுரும்."

மேலே அந்த இடம் மே. அறை. இங்கே குடிவந்த அன்று மேஜை போட அவரேதான் சாக்பீஸால் கோடு கிழித்தார். "உங்களுக்கு நல்ல வெளிச்சம்" என்றார். நன்றி வேறு சொன்னேன். படுபாவி.

10-11, வெள்ளி

மே. திசையன்விளைக்கு டூர். கோ. அக்காவிடம் பூ விஷயத்தைச் சொல்லி, கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துப் போனேன்.

"பழியத் தூக்கி வீட்டு மேல போடுதியாக்கும்."

மே. நாற்காலியை நகர்த்தி, தரையில் விரித்திருந்த கோரைப் பாயை உருட்டினேன். பலகை. தூக்க விரல் நுழையும் பள்ளம், அதில் மட்டும் தூசி இல்லை. அக்காவை அங்கே உட்காரவைத்து இறங்கிவந்தேன். என் நாற்காலியில் உட்கார்ந்து, உதடு அசைந்தும் அசையாமலும்:

"அக்கா, நான் இல்ல."

மேலே மூக்கை உறிஞ்சும் சத்தம். ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "உன்னையப் போயி..." இரண்டு பேரும் அழுதோம். நாலு நாள் பாரம் இறங்கியது.

சாயங்காலம் சொன்னேன், சங்கரனிடம் சொல்லி அட்டை வைத்து அடைத்துவிடலாம் என்று. அக்கா வேண்டாமென்றாள்.

"இருக்கட்டும்ட்டி. மேனேஜர் இல்லாத அன்னைக்கு நம்மளும் கேக்கலாம்லா."

பூவுக்குக் கீழே இருப்பது என் மேஜை ஒன்றுதான். யார் பேசுவதைக் கேட்க வேண்டுமாம் அக்காவுக்கு?